மூன்று டிரைவர், ஒரு டெலிபோன்

20 அக்டோபர் 1986, திண்டிவனம்

வியாபாரிகள் சங்கத் தலைவர் பாண்டுரங்கன் காலையில் வந்தார். ஊர் வியாபாரிகள் சேர்ந்து வாங்கிய ஆம்புலன்ஸ் வேனுக்கு டூட்டி சார்ட் போட வேண்டுமாம்.

"ஸ்கூலுக்கே டைம்டேபிள் போட்டவரு நீங்க. இங்க மூணே மூணு டிரைவரு. இதெல்லாம் உங்களுக்கு ஒரு வேலையா சார்?"

காபி ஆறுவதற்குள் போட்டுவிட்டேன். வேங்கடேசன் ஒரு நாள், சவுரிராயன் ஒரு நாள், பச்சைமுத்து ஒரு நாள். ஒரு பகலும் ஓர் இரவும் வேன் ஷெட்டில், போன் பக்கத்தில். பிறகு இரண்டு நாள் வீட்டில். யாருக்கும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

என் மனைவி ராஜாமணி எட்டிப் பார்த்து, "ரிட்டயர் ஆகியும் பீரியடு பிரிக்கிற கை நிக்கலியா?" என்றாள். நிற்கவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

27 அக்டோபர்

மூன்று பேரும் ஒன்றாக வந்தார்கள். வேங்கடேசனுக்குத் தலைதீபாவளி, முந்தின நாளே விழுப்புரம் மாமியார் வீட்டுக்குப் போக வேண்டும். பச்சைமுத்து வீட்டில் மறுநாள் நோன்பு. தீபாவளி எப்படியும் சவுரிராயன் முறைதான். முன்னும் பின்னும் உள்ள நாட்களையும் அவரே பார்ப்பதாகச் சொன்னார். பதிலுக்கு அவருடைய கிறிஸ்துமஸ் டூட்டியை வேங்கடேசன் பார்ப்பான். இனி வருஷா வருஷம் இப்படித்தானாம்.

வகுப்பில் ஒற்றுமைக்கு உதாரணம் தேடித் தேடி அலைந்திருக்கிறேன். இதோ, நடந்து வந்து நிற்கிறது! மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போட்டேன்.

3 நவம்பர்

வேன் நேற்று கிளியனூர் தாண்டி ரோட்டைவிட்டு மல்லாட்டை போட்டிருந்த கொல்லையில் இறங்கிவிட்டது. உள்ளே சின்னபொண்ணு என்ற பெண், பிரசவ வலியோடு. லாரிக்காரன் ஒருவன் ஏற்றிக்கொண்டுபோய்ப் புதுச்சேரியில் சேர்த்திருக்கிறான். தாயும் பிள்ளையும் நலம்.

நலம். ஆனால் –

"மாடு குறுக்கால வந்துடிச்சி சார்" என்றார் சவுரிராயன். சின்னபொண்ணுவின் தாயார் கெங்கம்மாள் விடவில்லை. "மாடும் இல்ல, கீடும் இல்ல. அந்தாளு ஸ்டேரிங்க புடிச்சிக்கினே தூங்கிப் பூட்டாரு. நாங் கத்தின கத்துலதான் முழிச்சாரு."

அன்று அவருக்குத் தொடர்ந்து மூன்றாவது நாள். மூன்று ஆள் செய்யும் வேலையை ஒருவனே செய்தால் எத்தனை நாள் ஆகும் என்று எத்தனை பிள்ளைகளைக் கேட்டிருப்பேன்! அவன் நடுவில் தூங்கினானா என்று ஒரு கணக்கிலாவது கேட்டேனா? அடச் சே. இன்னா வாத்தியார் நான்.

5 நவம்பர்

பாண்டுரங்கன் சவுரிராயனை நிறுத்திவிடலாம் என்கிறார். "மாற்றிக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டது நான். முதலில் என்னை நிறுத்துங்கள்" என்றேன். முறைத்தார். கடைசியில், "சரி. இனிமே டூட்டி மாத்திக்கிற பேச்சே கூடாது. நீங்களே எழுதி ஒட்டுங்க" என்றார். எழுதி ஒட்டினேன்.

9 நவம்பர்

சவுரிராயன் வீட்டுக்கே வந்தார். உட்காரவில்லை.

"அவங்க தீபாவளிய நான் பாத்தேன் சார். என் கிறிஸ்துமஸ யாரு பாப்பாங்க?"

மகள் செண்பகம் தலைச்சன் பிள்ளையோடு வருகிறாளாம். அன்றைக்குத்தான் குழந்தைக்கு ஞானஸ்நானம்.

"தூங்கிட்டியேன்னு கேளுங்க, தப்புதான். மாடுன்னு பொய் சொன்னதும் தப்புதான். அதுக்காவ நான் குடுத்தது இல்லன்னு ஆயிடுமா? அன்னிக்கு லீவு இல்லன்னா வேன் சாவிய உங்க கையில வச்சிட்டுப் போய்க்கினே இருப்பேன்."

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழை இல்லை. விதியைத் தளர்த்தினால் இன்னொரு சின்னபொண்ணு. தளர்த்தாவிட்டால் நல்ல டிரைவர் போய்விடுவார். என்ன செய்வது?

10 நவம்பர்

கடைத்தெரு வரை போனேன். எதற்கு என்று தெரியாமல் திரும்பினேன்.

18 நவம்பர்

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஷெட்டுக்குப் போனேன். வேங்கடேசன் கண் சிவந்து உட்கார்ந்திருந்தான். "நீ படுப்பா, போனை நான் பார்க்கிறேன்" என்றேன்.

மணி அடித்தது. பக்கத்து மரவாடி என்று நினைத்துப் பலகை விலை கேட்டார்கள். அடித்தது. "செஞ்சி பஸ்ஸு போயிடிச்சா?" அடித்தது, எடுத்தால் பேச்சே இல்லை. இருட்டும்வரை இதே பேஜாரு. வேனுக்கென்று வந்தது ஒன்றே ஒன்று. எழுப்பினேன். முகத்தைக் கழுவிக்கொண்டு ஜோராக ஓட்டிக்கொண்டு போனான்.

வீட்டுக்கு வந்தும் எனக்குக் காது ஓயவில்லை. ராஜாமணி தட்டை வைத்த சத்தத்துக்குத் துள்ளி எழுந்தேன். "அலோ சொல்லுங்க, ரசம் பேசுது" என்றாள்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே பிடிபட்டது. வண்டி ஓட்டும் நேரம் கொஞ்சம்தான். மற்ற நேரமெல்லாம் போனுக்குக் காது கொடுத்துக்கொண்டு கிடப்பதுதான் ஆளைத் தின்கிறது. நான் சார்ட்டில் ஓட்டுகிற வேலைக்கு ஆள் போட்டேன். கேட்டுக்கொண்டிருக்கிற வேலைக்குப் போடவில்லை.

20 நவம்பர்

"போன் எடுக்கத் தனியா ஒரு ஆளா? சம்பளம் இல்லாம யாரு சார் வருவா?" என்றார் பாண்டுரங்கன்.

"பென்ஷன் வாங்குகிறவன் வருவான்."

போனுக்கு ஆள் இருந்தால் ஒரு டிரைவர் அடுத்தடுத்து இரண்டு நாள் வரை பார்க்கலாம். மூன்று எக்காலமும் கூடாது. விதியை இப்படி மாற்றலாம் என்றேன். "கிறிஸ்துமஸ் வரைக்கும் பாக்கறேன். ஏதாவது ஆச்சின்னா சவுரிராயனும் இல்ல, உங்க சார்ட்டும் இல்ல" என்றார்.

11 டிசம்பர்

போன் எடுக்க வருவதாகச் சொன்ன பழைய வாத்தியார்களில் ஒருவருக்கு மூட்டுவலி. தேவசகாயம் வாரம் இரண்டு நாள் வருகிறார், ஆனால் கிறிஸ்துமஸ் அன்று அவருக்கும் கோவில். மிஞ்சுவது நான். இந்த வயதில் இரண்டு நாள் தாங்குவேனா? ராஜாமணியிடம் இன்னும் சொல்லவில்லை.

25 டிசம்பர்

சவுரிராயன் வீட்டில் இன்று பேரனுக்கு ஞானஸ்நானம். வேங்கடேசனுக்கு இது இரண்டாம் நாள். நேற்றுப் பகல் போனுக்கு ராஜாமணி, இரவு நான். கேட்டதுமே அவள் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான்தான் வீணாகப் பயந்திருக்கிறேன்.

மத்தியானம் வானூரிலிருந்து அழைப்பு. சைக்கிளில் போன ஒருவரை பஸ் தட்டிவிட்டதாம். வேங்கடேசனை எழுப்பினேன். "இன்னா சார், நல்லாத் தூங்கினேன்" என்று சிரித்துக்கொண்டே சாவியை எடுத்தான். அவன் திரும்பி வரும்வரை ஷெட்டுக்கும் ரோட்டுக்குமாக நடந்தேன். புதுச்சேரியில் சேர்த்துவிட்டு வந்தான். பிழைத்துக்கொள்வாராம்.

15 ஜனவரி 1987

மாட்டுப் பொங்கல். வேங்கடேசனின் நேற்றைய முறையையும் சேர்த்து சவுரிராயன் பார்க்கிறார். காலையில் கண்டமங்கலம் போய்த் திரும்பிவிட்டது வண்டி. பேரனுக்கு என் பெயரை வைக்கவில்லை என்று கேலி செய்தேன். "ஞானஸ்நானத்துல சுப்பராயலுன்னு கூப்பிட்டா சாமியாரு எந்திரிச்சிப் போயிடுவாரு சார்" என்று சொல்லிவிட்டு பெஞ்சில் படுத்தார்.

ராஜாமணி தூக்குவாளியில் பொங்கல் கொண்டுவந்தாள். மூடியைத் திறக்கப் போனவள் பெஞ்சைப் பார்த்துவிட்டு, சத்தம் வராமல் அதைக் கீழே வைத்தாள். போன் அடித்தால்கூட அவருடைய குறட்டையைத் தாண்டித்தான் கேட்க வேண்டும். நாங்கள் இன்னும் சாப்பிடவில்லை.