சத்தம் வைத்து ஆடிய முதல் விளையாட்டு

டேய்,

உன் ஹெட்ஃபோனின் இடது காதுப் பஞ்சு பிய்ந்துவிட்டது. புதுசு மாற்றலாம் என்று கழற்றினேன். நீ தலைக்குத் தடவுகிற அந்தப் பச்சை எண்ணெய் வாசம் இன்னும் அதில் அப்படியே இருக்கிறது. பிய்ந்ததையே திரும்ப ஒட்டி வைத்துவிட்டேன்.

கேம் பெட்டி, இரண்டு கன்ட்ரோலர், இந்த ஹெட்ஃபோன் எல்லாவற்றையும் உன் மனைவிதான் என்னிடம் கொடுத்தாள். உன் காரியம் முடிந்த மறுநாள், ஒரு கட்டைப்பையில் போட்டு வைத்திருந்தாள். "நீங்க ரெண்டு பேருந்தானண்ணா ஆடுவீங்க. இங்க இருந்தா பாப்பா அதையே பாத்துக்கினு ஒக்காந்துருக்கா. எடுத்துக்கினு போங்க" என்றாள். வாங்கும்போது கை கூசியது. ஏன் கூசியது என்று உனக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு வெட்கங்கெட்ட சேதி. அந்தப் பேய் விளையாட்டு எனக்குப் பிடித்துவிட்டது.

நீ சிரிப்பாய். புதுவாயலில் உன் வீட்டில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை உன்னோடு சண்டை போட்டிருப்பேன். பட்டப்பகலில் ஜன்னலுக்குப் போர்வையைத் தொங்கவிட்டு இருட்டாக்குவாய். அடுப்படியில் குக்கர் விசில் அடிக்கும், கறிக்குழம்பு வாசம் வரும், நாம் இருவரும் பேய்க்குப் பயந்துகொண்டு உட்கார்ந்திருப்போம். மூன்று விளையாட்டு ஆட வைத்தாய். மூன்றும் எனக்கு வேப்பங்காய். சுடுவதற்குக் குண்டு தரமாட்டான், ஓடினால் மூச்சு வாங்கும், அலமாரிக்குள் ஒளிந்துகொண்டு பேய் எப்போது போகும் என்று காத்திருக்க வேண்டும். ஆறு நாள் இரும்புக் கம்பி மில்லில் பயந்து பயந்து வேலை பார்ப்பது போதாதா, ஏழாம் நாள் அதை விளையாட்டு என்று வேறு ஆட வேண்டுமா என்று கத்துவேன்.

இன்னொன்றும் செய்வேன். ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தை அடைத்துவிடுவேன். அந்த மூச்சுச் சத்தமும் கதவு கிறீச்சிடுவதும் கேட்டால் எனக்கு நெஞ்சு படபடக்கும். சத்தம் இல்லாமல் ஆடுவேன், பின்னாலிருந்து வந்து அடித்துவிடும், கன்ட்ரோலரைப் பாயில் எறிவேன். நீ தலையில் அடித்துக்கொள்வாய்.

"அது சொல்லிக்கினுதான்டா வருது. நீதான் காதுல வாங்க மாட்டன்ற."

இந்தப் புது விளையாட்டை நீ பாதி வரை ஆடி வைத்திருந்தாய். ஒரு பழைய சுரங்கம், உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு நர்ஸ், அவளைத் தேடி அலையும் கண் தெரியாத ஒரு ராட்சசன். அவன் காலில் சங்கிலி. எளாவூரில் என் அறையில் இருக்கும் டிவியில் ஸ்பீக்கர் போய்விட்டது. அதனால்தான் வேறு வழியில்லாமல் உன் ஹெட்ஃபோனை மாட்டினேன். சங்கிலி இழுபடும் சத்தம் முதலில் தூரத்தில் வலது பக்கம் கேட்டது. அப்புறம் மேலே. அப்புறம் நின்றுவிட்டது. நின்றபோதுதான் நான் நகர வேண்டும் என்று எனக்கே புரிந்தது. கையில் மூன்றே குண்டு, ஒன்றைக்கூடச் செலவழிக்காமல் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தேன். சேர்ந்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். உடனே என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. செத்தவன் காதில் மாட்டியதை மாட்டிக்கொண்டு சிரிக்கிறவன் நான்.

இப்போது மில் கதைக்கு வருகிறேன். பாதி உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நான் வாயால் சொன்னதில்லை.

நம் ஷெட்டில் கம்பிக் கட்டுகளைத் தூக்கிப் போகும் கிரேன் நகரும்போது டிரைவர் பட்டனை அழுத்தினால் மேலே ஹூட்டர் அலற வேண்டும், கீழே நிற்பவன் விலக வேண்டும். அதை அலறவைக்கும் ரிலே கெட்டுப்போய், கிரேன் சும்மா நின்றாலும் அது அலறிக்கொண்டே கிடந்தது. எலக்ட்ரீஷியன் நான்தான் என்பதால் ஷெட்டே என்னைத் திட்டியது. நான் ஏறி, கை துடைக்கிற பனியன் வேஸ்ட்டை உருண்டையாக்கி ஹூட்டர் வாயில் திணித்தேன். கீழே எல்லாரும் கை தட்டினார்கள். நீயும் தட்டினாய்.

அடுத்த வாரம் புது ரிலே வந்தது. அதை மாட்டும் இடம் டிரைவர் கேபினிலேயே இருந்ததால் மாட்டிவிட்டேன். வேஸ்ட்டை எடுக்க இன்னும் மேலே ஏற வேண்டும். சோம்பேறித்தனம். நீ மட்டும்தான் விடாமல் கேட்டாய். "டேய், அத எடுத்தியா? அது நமக்காவத்தான் கத்துது."

"நாளைக்கு" என்றேன்.

அந்த நாளைக்கு வரவே இல்லை. நீ குனிந்து கம்பிக் கட்டில் சாக்பீஸால் நம்பர் எழுதிக்கொண்டிருந்தாய். கிரேன் டிரைவர் ஹூட்டர் பட்டனை அழுத்தியதாகச் சொன்னான், அவன் பொய் சொல்லவில்லை. சத்தம்தான் வெளியே வரவில்லை, தொங்கி வந்த கட்டு உன்னை அடித்தது. நாலு பேர் உன்னைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு ஓடினார்கள். நான் உன்னிடம் ஓடவில்லை. நான் கிரேன் மேல் ஏறினேன். உருண்டையை எடுத்து பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

விசாரிக்க வந்தவர்கள் ஹூட்டரை அடித்துப் பார்த்தார்கள். ஷெட் அதிர்ந்தது. "ஹூட்டர் நல்ல நிலையில் வேலை செய்கிறது" என்ற தாளில் எலக்ட்ரீஷியன் என்று கையெழுத்துப் போட்டேன். அந்த வரியில் பொய் இல்லை. அடுத்த தாளில் காரணம் எழுதினார்கள்: தொழிலாளியின் கவனக்குறைவு.

கவனக்குறைவாம். நீ சேமித்து வைத்த ஆட்டம் அந்தப் பெட்டியில் முதல் இடத்தில் அப்படியே இருக்கிறது. நான் தொடவில்லை, இரண்டாவது இடத்தில் ஆடுகிறேன். எத்தனை முறை செத்தாய் என்று அது காட்டும். எனக்கு நாற்பத்தொன்று. உனக்குப் பூஜ்யம். பாதிச் சுரங்கம் வரை ஒரு தடவைகூட மாட்டாமல் போயிருக்கிறாய், படுபாவி.

போன ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். அதைப் பாப்பாவிடமே கொடுத்துவிடலாம் என்று. அவள் ஹெட்ஃபோனை மாட்டினாள், காதைத் தாண்டிக் கன்னம் வரை இறங்கியது. ஆடிக்கொண்டே, "மாமா, அவன் பின்னாடி வர்றான்" என்றாள். திரையில் ஒன்றும் இல்லை. அடுத்த நொடி ராட்சசன் வந்தான்.

உன் மனைவி அடுப்படியிலிருந்து சொன்னாள்: "இதுக்கு மட்டும் காது கேக்குது பாருண்ணா. கூப்ட்டா கேக்காது. அப்பன மாரியே. அந்த மனுஷனும் அன்னிக்கி காதக் குடுத்துக் கேட்டிருந்தா..."

பாப்பா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா செத்தது அப்பாவின் தப்பு என்று அந்தப் பிள்ளை நம்புகிறது. ஒரு வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறது.

என் டிஃபன் பையில் பாலித்தீன் கவருக்குள் அந்த உருண்டை எப்போதும் இருக்கும். எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். கவரோடு நீட்டினேன்.

"இன்னாண்ணா இது?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள். கத்துவாள், கையில் இருந்த கரண்டியால் அடிப்பாள் என்று நின்றேன். அடித்திருந்தால் தேவலை. அவள் என்னைத் தாண்டிப் போய், பாப்பாவின் காதிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

"அப்பாக்கு காது நல்லாதான் கேட்டுச்சாம்டி. ஹாரன்தான் அடிக்கலியாம்."

பிறகு பெட்டியையும் ஹெட்ஃபோனையும் என் பையோடு சேர்த்து வாசலில் வைத்தாள். கவரை என் கையில் திணித்தாள். "எங்கிட்ட குடுத்தா இன்னா ஆவும்? எவன் அவரு மேல எழுதுனானோ அவன்கிட்ட கொண்டுபோய்க் குடுங்க. குடுத்துட்டு வாங்க. அது வரிக்கும் இந்த ஊட்டுப் பக்கம் வராதீங்க." அண்ணா என்று சொல்லவில்லை.

திங்கள், செவ்வாய், புதன். மூன்று நாளும் ஆபீஸ் கதவைத் தாண்டித்தான் ஷெட்டுக்குப் போனேன். வேலை போகும், கேஸ் வரும், எனக்குக் கை தட்டியவர்களே என் மேல் துப்புவார்கள். மூன்று நாளும் கொண்டுபோனேன், மூன்று நாளும் திரும்பக் கொண்டுவந்தேன். உன் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். விளையாட்டு முடிந்துவிட்டது, அந்த நர்ஸ் வெளியே வந்துவிட்டாள். நான்தான் இன்னும் அலமாரிக்குள் இருக்கிறேன்.

"நாளைக்குக் கொடுத்துவிடுகிறேன்" என்று எழுதித்தான் இந்த மடலை முடிக்க நினைத்தேன். அந்தச் சொல்லை உன்னிடம் ஏற்கெனவே ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். இன்னொரு தடவை எழுதக் கை வரவில்லை.

வியாழக்கிழமை காலை, மணி ஏழரை. எட்டுக்குக் கம்பெனி பஸ். பையைத் திறந்து பார்த்தேன், கவர் இருக்கிறது. கிளம்புகிறேன்.