பெவின் முதலில் கேட்க வேண்டியது

மே 12

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பெவின் வந்தான். எட்டாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவன். போன வாரம் எங்கள் தொகுதிக்கு எம்.எல்.ஏ. ஆகிவிட்டான்.

"எங்க கட்சிக்கு முழு மெஜாரிட்டி டீச்சர், யாரையும் கெஞ்ச வேண்டாம். சட்டசபைல புது ஆளுவளுக்கு மூணு நிமிஷம் தருவாவ. ஒண்ணே ஒண்ணுன்னா எதக் கேக்க?"

கட்சிக்காரர்கள் பாலம், கல்லூரி, தெருவிளக்கு என்று நாற்பது எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். ஒரு வாரம் தவணை வாங்கியிருக்கிறேன்.

மே 13

பெரும்பான்மை என்பது புது வகுப்பாசிரியர் மாதிரி. முதல் நாள் யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள். அன்று செய்வதுதான் வருஷம் முழுக்க நிற்கும். நான் முதல் நாள் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து, கரும்பலகை தெரிகிறதா என்று பார்ப்பேன். முன்வரிசைக்குக் கேட்க வாய் இருக்கிறது. பாலம் கேட்கக் காண்ட்ராக்டர் இருக்கிறார். எங்கள் ஊர் உப்பளத்துப் பெண்களுக்கு?

மே 14

எழுதிவிட்டேன்: உப்பளம்தோறும் குடிநீர்த் தொட்டி கட்டாயம் என்று ஒரு சட்டம். பக்கத்துத் தெரு செல்லக்கனி இருபது வருஷமாக உப்பு வாருகிறவள். இரண்டு தடவை சிறுநீரகக் கல். மூன்றாவது வந்தால் அளத்துப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வெயிலில் தண்ணீர் இல்லாமல் வேறென்ன வரும்?

நல்ல பதில்.

மே 16

செல்லக்கனியிடம் வாசித்துக் காட்டினேன். சிரித்தாள்.

"அளத்துல தண்ணி கேனு கேனா கெடக்கு டீச்சர். யாரு குடிக்கா? குடிச்சா எங்கன போய் ஒதுங்க? ஒரு முள்ளுமரங்கூடக் கெடையாது. கங்காணி வேற கொடையப் பிடிச்சிக்கிட்டு நிப்பான்."

விடியுமுன் போனால் மதியம் வீடு திரும்பும்வரை ஒரு வாய் குடிப்பதில்லையாம். எல்லாரும் அப்படித்தானாம்.

"ஒங்க சட்டம் வந்தா இன்னும் ரெண்டு கேனு வைப்பாவ. மொகம் கழுவிக்கிடுதோம்."

எப்படி மறந்தேன்? நாசரேத் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல, முதல் வேலையில் நாங்க நாலு டீச்சரும் சாயங்காலம் வரைக்கும் தொண்டைய நனைக்காம இருந்தோமே — வீட்டுல கக்கூஸ் வந்துட்டா எல்லாம் மறந்து போயிருமா?

மே 17

'குடிநீர்த் தொட்டி'யை அடித்துவிட்டுக் 'கழிப்பறை' என்று எழுதினேன். தண்ணீரும் நிழலும் அடுத்த வரியில்.

மே 19

பெவின் தலையைச் சொறிந்தான். "மொதப் பேச்சே கக்கூஸா டீச்சர்? மேசையத் தட்ட மாட்டாவ, சிரிப்பாவ."

"சிரிக்கட்டும்லே. மெஜாரிட்டி இருக்கவன் சிரிப்புக்கா பயப்படுவான்? பாலத்த அடுத்த வருஷமும் கேக்கலாம். செல்லக்கனிக்கு அடுத்த கல்லு ஒனக்காகக் காத்துக்கிட்டு இருக்காது."

காபியைக் குடித்துவிட்டு, தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

கேட்பான்.

ஜூன் 24

கேட்டான். சிரித்தார்களாம். சிரிக்காதவர் அமைச்சர் ஒருவர்தானாம். சட்டம் வரப்போகிறது; அதற்கு முன்பே எங்கள் பக்கம் ஆறு அளங்களில் கழிப்பறை கட்டத் தொடங்குகிறார்கள்.

ஆகஸ்ட் 30

செல்லக்கனியின் அளத்தில் திறப்பு விழா. பந்தல், மைக், தட்டில் கத்தரிக்கோல். பெவின் கிட்டே போனபோது ரிப்பன் ஏற்கெனவே ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது. கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. கங்காணி தட்டப் போனார்.

"இரிங்க, வாரேன்" என்று உள்ளேயிருந்து செல்லக்கனி குரல் கொடுத்தாள்.

பெவின் கத்தரிக்கோலைத் தட்டிலேயே வைத்துவிட்டு, கங்காணியையும் கூட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய் நின்றான்.