கோடு பிளஸ் பக்கம்

அன்பு மகள் விஜிக்கு, ராஜபாளையத்திலிருந்து அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையில் என் முழங்காலும் உன் அப்பாவின் சர்க்கரையும் சொன்னபடி கேட்கின்றன. மஸ்கட்டில் நீயும் மருமகனும் பிள்ளையும் அப்படியே சுகமாக இருக்க வேண்டும். முதலில் எனக்கு நடந்த அநியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். கோவில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு நான் செய்த காற்றாடியில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், உன் அப்பா டையோடு என்கிற சின்னப் பாகத்தைக் கழற்றித் திருப்பி வைத்துவிட்டார். உள்ளே புகைந்து காற்றாடி நின்றுபோனது. நீயும் போனில் சிரித்துவிட்டு, இந்த வயசுல இது எதுக்கும்மா, கடையில வாங்கிக்கலாம்லா என்றாய். போனில் பதில் சொன்னால் மறுபடியும் சிரிப்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ விட்டுப்போன சின்ன எலக்ட்ரானிக் போர்டை வைத்து வீடியோ பார்த்தே படித்தேன், எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. போர்டில் நேராக மோட்டாரை மாட்டினால் போர்டு தாங்காது, நடுவில் டிரான்சிஸ்டர் வேண்டும். கண்மாய் மடையைத் திறக்கிறவன் தண்ணீரைச் சுமப்பதில்லை, பலகையைத் தூக்கினால் போதும். அதுபோல போர்டு துளி கரண்ட் கொடுத்தால் டிரான்சிஸ்டர் திறந்து, பேட்டரியின் கரண்ட் மோட்டாருக்குப் போகும். மோட்டார் நிற்கும்போது எதிராக ஓர் உதை விடும், அதைத் தாங்கிக்கொள்ளத்தான் டையோடு, அதன் கோடு பிளஸ் பக்கம் இருக்க வேண்டும். உன் அப்பா கோவில் மைக் செட்டைப் பார்ப்பவர், அதிலுள்ள கண்டென்சரில் கோடு போட்ட பக்கம் மைனஸ். இதுவும் அப்படித்தான் என்று முடிவு செய்துவிட்டார். கரண்ட் மோட்டாரை விட்டுவிட்டு டையோடு வழியே பாய்ந்து டிரான்சிஸ்டரைச் சுட்டுவிட்டது. பற்றவைத்த ஈயம் சுண்டைக்காய் மாதிரி உருண்டிருந்ததைப் பார்த்ததுமே யார் கை என்று தெரிந்துவிட்டது. கேட்டால், ஏட்டி, நீ மாத்தி வச்சிருந்த, நான் சரி பண்ணேன் என்கிறார்.

வாலிபர் சங்கத்து சாம்சனோ, பெரியம்மா, ஞாயித்துக்கிழம சாயந்தரம் குடில் தொறக்கணும், அதுக்குள்ள சுத்தலன்னா கடக் காத்தாடிய வச்சிருவோம் என்று சொல்லிவிட்டான். அந்தக் கடைக் காற்றாடி ஒரே வேகத்தில் மின்விசிறி மாதிரி சுற்றும். என்னுடையது போர்டு சொல்கிறபடி மலைக்காற்று மாதிரி மெதுவாகத் தொடங்கி, வேகமெடுத்து, அடங்கி, மறுபடி எழும்பும். விடுவேனா, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறிப் போய் வேறு டிரான்சிஸ்டர் வாங்கி வந்து மாட்டி, டையோடையும் பழையபடி திருப்பி வைத்தேன். பால்கோவா வாங்கவில்லை, அது உன் அப்பாவுக்குத் தண்டனை. ஞாயிறு சாயங்காலம் பாட்டு முடிந்து துணியை விலக்கியதும் காற்றாடி மூச்சு விடுவதுபோல் சுற்றியது பார், கூட்டம் நகரவே இல்லை. காத்து எங்கேயிருந்துலே வருது என்று ஒருவர் குடிலுக்குப் பின்னால் போய்த் தேடினார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, விஜி. கடைக் காற்றாடி பெட்டியிலேயே கிடந்தது.

ஆனால் வழக்கு முடியவில்லை. உன் அப்பா அன்றிலிருந்து குடில் பக்கத்திலேயே நின்று, வருகிறவர்களிடமெல்லாம், கோடு பிளஸ் பக்கந்தான் இருக்கணும், நெறையப் பேருக்கு இது தெரியாது என்று விளக்குகிறார். ஆகவே என் தீர்ப்பு இது: சாம்சன் அந்தப் பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். நீ சிரித்தது தப்பு என்று குடும்பக் குரூப்பில் எழுத வேண்டும், பிள்ளையை வேளைக்குச் சாப்பிட வைக்க வேண்டும். கர்த்தர் உங்களைக் காப்பார். உன் அப்பா கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும் அவர் பார்க்கிற அதே கோவில் மைக்கில், கோடு பிளஸ் பக்கம் என்று சொல்லிவிட்டு, ரத்தினம் சொன்னாள் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஞா. ரத்தினம்