பன்னிரண்டாவது நாற்காலி

அன்புள்ள தம்பிக்கு,

ஃபோனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன்.

இன்று பெரிய வெள்ளி. கோயில் மணி ஓய்ந்துவிட்டது. மரக்கட்டையைத் தட்டித்தான் ஆட்களைக் கூப்பிடுகிறார்கள். மாதா, புனிதர் சுரூபங்களை மூடும் ஊதாத் துணியை இந்த வருடமும் நான்தான் தைத்துக் கொடுத்தேன்.

நேற்று பன்னிரண்டு பேரைச் சீடர்களாக உட்காரவைத்துப் பாதம் கழுவும் சடங்கு. அந்தப் பன்னிரண்டாவது நாற்காலி ஞாபகம் இருக்கிறதா? ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் நாற்காலி என்று யாரும் கிட்டேகூடப் போகமாட்டார்கள். படுக்கையில் விழும்வரை அம்மாதான் வருடா வருடம் விடுவிடுவென்று போய் உட்காருவாள். நாம் சிரித்தால், "அவன் காலையும்தானே ஆண்டவர் கழுவினாரு" என்று வாயை அடைத்துவிடுவாள்.

நேற்றும் அது காலியாக இருந்தது. சாமியார் என்னைப் பார்த்து, "வாங்கம்மா, உங்க அம்மா இடம்தானே" என்றார்.

மற்றவர்கள் காலை வீட்டிலேயே தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வருவார்கள். நான் தையல் கடையிலிருந்து நேரே வந்தவள். பாதமெல்லாம் மிஷின் எண்ணெய். தண்ணீர் கறுத்துப்போனது. சாமியார் துடைத்து முத்தமிட்டார். எனக்குத்தான் தாங்கவில்லை.

அம்மா அடக்கம் முடிந்து இரண்டு நாள் கழித்து நீ கல்லறையில் வந்து நின்றபோது, "எத்தனை தடவை கூப்பிட்டும் உன் ஃபோன் கிடைக்கலடா" என்றேன். அன்றிலிருந்து நீ உன்னையேதான் திட்டிக்கொண்டிருக்கிறாய்.

நான் கூப்பிடவே இல்லை, தம்பி.

ஆறு வருடம் அவளைக் குளிப்பாட்டி, தலைவாரிவிட்டவள் நான். கடைசி நாளில் அவள் கேட்டது உன்னை மட்டும்தான்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வந்த,
உன் அக்கா