நிப்பாட்ட மட்டும்

ஜனவரி 11, சனி

இன்றும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வந்தோம். வண்டியை ஓட்டியது அவர். பிரேக் போட்டது நான். இடது பக்கம் உட்கார்ந்திருப்பவளுக்கு பிரேக் கிடையாது என்று எனக்குத் தெரியும், என் காலுக்குத்தான் தெரியவில்லை. பஸ் எதிரே வந்தால் மிதி. மாடு வந்தால் மிதி. மாடு வருகிற மாதிரி இருந்தாலும் மிதி. மிதித்து மிதித்து, காலடியில் விரித்த ரப்பர் மேட்டில் என் குதிகால் அளவுக்கு ஒரு பள்ளமே விழுந்துவிட்டது.

"ஏட்டி பொன்மணி, மேட்டு ஓட்டையாச்சுன்னா காலத் தொங்கப்போட்டு ரோட்டுல ஓடியாரணும், பாத்துக்க" என்கிறார் மனிதர்.

இதுவரை சிரிப்புதான். இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டால் தேவலை.

மகள் பாண்டிசெல்வி வீட்டுக்குத் திரும்பும் முக்கு வந்தது. இவர் திருப்பவில்லை. "என்னங்க, செல்வி வீடு" என்றேன். நேராகப் போய்க்கொண்டே இருந்தார். மார்கழிக் குளிரில் நெற்றியெல்லாம் வியர்வை. கை ஸ்டியரிங்கில், கண் ரோட்டில், ஆள் மட்டும் அங்கே இல்லை. தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் என்னைப் பார்த்தார் - பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியைப் பார்ப்பதுபோல. அப்புறம் சிரித்து, "சும்மா ஒன்னயப் பயங்காட்டுனேன்" என்றார்.

செல்வி கொடுத்த காப்பியைக் குடித்ததும் பழையபடி சம்பந்தியம்மாளிடம் வம்பளக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் தையல்கடைக்காரி. ராஜபாளையத்தில் பாதிப் பெண்களின் இடுப்பளவும், அத்தனை பெண்களின் வீட்டு விவகாரமும் எனக்குத் தெரியும். என் வீட்டு ஆளுக்கு என்ன என்று மட்டும் தெரியவில்லை.

ஜனவரி 13, திங்கள்

போகி. பழையதையெல்லாம் எரிக்கலாமாம். கார் சாவி எரியுமா?

ஜனவரி 20, திங்கள்

பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஃபரீதா சுடிதார் தைக்கத் துணி கொண்டுவந்தாள். அளவு எடுத்துக்கொண்டே கேட்டேன்: "ஒங்க கிளாஸ் வண்டில ஒம்பக்கம் ஒரு பிரேக் இருக்குல்லா, அது மாதிரி எங்க வண்டிக்கும் ஒண்ணு மாட்டித்தருவாகளா?"

"அது சொல்லிக்குடுக்கவக வண்டிக்கு மட்டுந்தான்க்கா. வீட்டு வண்டில நம்ம இஷ்டத்துக்கு மாட்டக் கூடாது. மாட்டுனாலும் மாமா சும்மா இருப்பாகளா? பேசாம நீங்க ஓட்டப் பழகிக்கோங்க."

"நாப்பத்தொம்பது வயசுல ஓட்டி நான் எங்க போகப்போறேன்? எனக்கு ஓட்டவே வேண்டாம்டி. நிப்பாட்ட மட்டும் கத்துக்குடு."

சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விட்டுவிட்டாள். அந்த முக்கில் நடந்ததை அவளிடம் மட்டும் சொன்னேன். ஊர்க் கதையெல்லாம் மைக் வைத்துச் சொல்பவள், என் கதையை மட்டும் ஊசி விழும் சத்தத்தில் சொன்னேன்.

"சரிக்கா. நிப்பாட்ட மட்டும்."

ஜனவரி 27, திங்கள்

பட்டன் வாங்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுப் போனேன். ஊருக்கு வெளியே ஒரு பொட்டல். ஃபரீதா வலது பக்கம், நான் இடது பக்கம். அவள்தான் என் வீட்டுக்காரர். நினைவு தப்பிய மாதிரி நாக்கைத் துருத்திக்கொண்டு தலையைத் தொங்கப்போட்டாள். அவருக்கு அவ்வளவு அழகு கிடையாது.

முதலில் கியரைத் தட்டி நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். "அவுக கால் ஆக்சிலேட்டர்லயே கெடந்தாலும் பரவால்ல. இஞ்சின் சும்மா கத்தும், சக்கரத்துக்குப் போகாது." இது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. பாபினில் நூல் சுற்றும்போது மெஷின் சக்கரத்தின் நடுத்திருகைத் தளர்த்திவிடுவோம். மோட்டார் ஓடும், ஊசி அசையாது. அதேதான்.

அடுத்தது ஹேண்ட்பிரேக். "பட்டன அமுக்கிக்கிட்டே மெல்ல மெல்லத் தூக்குங்க. ஒரேயடியா இழுத்தா பின்சக்கரம் பூட்டி வண்டி பம்பரமாயிரும்." மெல்ல என்றுதான் சொன்னாள். நான் ஒரேயடியாக இழுத்தேன். பொட்டல், பனைமரம், ஆடு எல்லாம் ஒரு சுற்று சுற்றி வந்து அதே இடத்தில் நின்றன. ஆடு மட்டும் போய்விட்டது.

பயத்தில் கை தானாகச் சாவிக்குப் போனது. அதில் ஓர் அடி வைத்தாள். "ஓடுத வண்டில சாவிய உருவிராதீக. ஸ்டியரிங் பூட்டிக்கும். பொறவு திருப்பவே முடியாது."

இன்னொன்று. ஸ்டியரிங்கைப் பிடிக்க வெடுக்கென்று பாய்ந்தேன். சீட் பெல்ட் என்னை இழுத்து உட்காரவைத்துவிட்டது. "வெடுக்குனு பாஞ்சா அது ஒங்களப் பிடிச்சுக்கும். அதுக்குத்தான் அது இருக்கு. மெதுவாச் சாஞ்சா விடும்."

மெதுவாக. எல்லாமே மெதுவாகவாம். பயந்தவளுக்கு மெதுவாக வருமா?

பிப்ரவரி 2, ஞாயிறு

இவர் முடிவெட்டப் போயிருந்தார். ஃபரீதாவைக் கூப்பிட்டு எங்கள் வண்டியைக் காட்டினேன். உள்ளே பார்த்தவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

முதல் குற்றம், டிரைவர் பெல்ட் மாட்டும் இடத்தில் செருகியிருந்த வெறும் கொக்கி. பெல்ட் போடாமலே போட்டதாக வண்டியை ஏமாற்றுகிற சாமான். வண்டி கூவாமல் இருக்கட்டும் என்று இவர் வாங்கிச் செருகியது. "பெல்ட் முதல்ல ஆளப் பிடிக்கணும்க்கா, பொறவு காத்துப்பை தாங்கணும். பெல்ட் இல்லாட்டி நாம பாதி வழி போயிருவோம், பை எதுக்க வந்து மூஞ்சில அறையும்."

இரண்டாவது குற்றம், என் பக்கத்து டேஷ்போர்டில் இவர் பசை போட்டு ஒட்டிய பித்தளை ஆண்டாள், கையில் கிளியோடு. 'ஏர்பேக்' என்று இங்கிலீஷில் இருந்த எழுத்து பார்க்க அசிங்கமாக இருந்ததாம். அதை மறைத்து அதன் மேலேயே ஒட்டினார். ஃபரீதா தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். "சாமிய நான் எதுவும் சொல்லலக்கா. ஆனா அந்த மூடிக்கு அடியிலதான் பை மடிச்சு வச்சிருக்கு. வெடிச்சுத் தொறந்தா கிளி நேரா ஒங்க நெத்திக்குத்தான் பறந்து வரும்."

இத்தனை நாளாக வாரா வாரம் அந்தக் கிளியைப் பார்த்து, பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர் என்று கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

தாயாரை மெல்லப் பெயர்த்து வீட்டுப் பூஜை மாடத்தில் வைத்தேன். கொக்கியைக் கடைப் பட்டன் டப்பாவுக்குள் போட்டேன். திரும்பிவந்தவர் குதித்தார். "தாயாரையே எறக்கிவிட்டுட்டியே, ஒனக்கென்ன புத்தி கெட்டா போச்சு?"

"தாயாருக்கு பெல்ட் இல்லைங்க. அதான்."

பிப்ரவரி 8, சனி

மே மாதம் பேத்திக்குக் காதுகுத்து. கூமாப்பட்டி குலசாமி கோயிலில். "எல்லாரையும் நானே வண்டில கூட்டிட்டுப் போறேன், வாடகைக் கார் எதுக்கு?" என்று செல்வி வீட்டில் மார்தட்டிவிட்டார். மருமகன் வினோத்தும் சரி என்றுவிட்டார்.

சொன்ன கையோடு பேத்தியை மடியில் வைத்துத் தெருவுக்குள் ஒரு ரவுண்டு. குழந்தை ஹாரனை அடித்துச் சிரிக்கிறது. ஸ்டியரிங்குக்குள்ளும் ஒரு பை மடித்து வைத்திருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும். அதன் மேல் அந்தப் பிஞ்சுத் தலை. தெரு நடுவில் நின்று கத்திவிட்டேன். சம்பந்தியம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். நாளை இது ஊருக்குள் எந்தத் துணியில் தைக்கப்படுமோ.

திரும்பி வரும் வழியில் டாக்டரைப் பார்ப்போம் என்றேன். "எனக்கு ஒண்ணுமில்ல." சர்க்கரை கூடுதல் என்று பரிசோதனையில் வந்ததிலிருந்து சாப்பாட்டைப் பாதி விட்டுவிட்டார். மாத்திரையை மட்டும் விடவில்லை. ஆள் மெலிந்து, சட்டைக்குள் ஹேங்கர் மாதிரி இருக்கிறார்.

மே மாதம் அந்த வண்டிக்குள் எல்லாரும் இருப்பார்கள். என் குடும்பமே ஒரு டப்பாவுக்குள். ஓட்டுகிறவர் பாதி வழியில் எழுந்து போய்விட்டால்? உட்கார்ந்த இடத்திலேயே எழுந்து போகிறாரே. யார்ட்ட சொல்ல?

பிப்ரவரி 19, புதன்

கள்ளனைப் பிடித்துவிட்டேன். டேஷ்போர்டு அறைக்குள் வண்டித் தாள்களுக்கு அடியில் பால்கோவா. பாதி தின்று, சுருட்டி வைத்திருந்தது. சர்க்கரைக்காரருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. என்னிடம் பாகற்காய் கேட்டு வாங்கித் தின்றுவிட்டு, வண்டிக்குள் திருட்டுக் கல்யாணம்.

பிடுங்கிக் கடையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். வாய்க்கு வந்தபடி பேசினேன். எப்போதும் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கும் மனிதர் இன்று ஏதோ சொல்ல வாயெடுத்து, முழுங்கிக்கொண்டார்.

பிப்ரவரி 22, சனி

எழுத்து கோணுது. நாளைக்கு.

பிப்ரவரி 23, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். உள்ளேயே வைத்திருந்தால் இன்றும் தூங்க மாட்டேன்.

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். மதிய வெயில். வயிறு சரியில்லை என்று செல்வி வீட்டில் இவர் கை நனைக்கவில்லை. கடைப் பிள்ளைகளுக்கென்று செல்வி கொடுத்த பால்கோவா பின்சீட்டில் இருந்தது. பாதி வழி தாண்டியிருப்போம். "ஜன்னல ஏத்தவா?" என்று கேட்டேன். "பத்து மணி" என்றார்.

பத்து மணியா?

திரும்பினேன். அதே வியர்வை. அதே கண். இந்த முறை ஆக்சிலேட்டரில் கால் வேறு கனத்துவிட்டது. வண்டி வேகம் எடுத்துக்கொண்டே போகுது. எதிரே ஒரு லாரி ஓரமா நிக்குது. பாதி ரோட்டுல நிக்குது. "என்னங்க, என்னங்க"ன்னு கத்துறேன், ஆளு கல்லு மாதிரி இருக்காரு. ஸ்டியரிங்கைப் பிடிக்கப் பாஞ்சேன். பெல்ட் பிடிச்சு இழுத்திருச்சு. மறுபடி பாஞ்சேன். மறுபடி இழுத்திருச்சு. என்னைக் காப்பாற்றவென்றே இருக்கிற பெல்ட் என்னைக் கட்டிப்போட்டு வைத்திருந்தது.

என் கால் பழக்கத்தில் மேட்டை மிதித்துக்கொண்டிருந்தது. அங்கே ஒன்றுமில்லை. பள்ளம்தான் இருந்தது.

முதுகை சீட்டில் சாய்த்தேன். அந்த ஒரு நொடி லாரியைப் பார்க்காமல் இருந்ததுதான் நான் பிறந்ததிலிருந்து செய்த பெரிய வேலை. மெதுவாகச் சாய்ந்தேன். பெல்ட் நூல்கண்டு மாதிரி அவிழ்ந்து கூடவே வந்தது. கியரைத் தட்டினேன். இஞ்சின் காது கிழியக் கத்தியது, வண்டிக்குப் போகவில்லை. வலது கையால் ஸ்டியரிங்கை இடது பக்கம் இழுத்துப் பிடித்தேன். இடது கையில் ஹேண்ட்பிரேக். பட்டனை அமுக்கி, மெல்ல. மெஷின் சக்கரத்தில் உள்ளங்கையை வைத்துத் தையலை நிறுத்துவேனே, அந்த அழுத்தம். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

மண்ணில் இறங்கி நின்றது. லாரியின் பின்னால் எழுதியிருந்ததை எல்லாம் கண்ணாடி போடாமலே படிக்க முடிந்தது.

நாலு விளக்கும் மின்னுகிற பட்டனை அமுக்கிவிட்டு, நின்ற பிறகுதான் சாவியைத் திருப்பினேன். என்ன செய்ய என்று ஃபரீதாவுக்குப் போன் அடித்தேன். "சக்கர, சக்கர, இனிப்பா என்ன இருக்கோ குடுங்க, முழுங்குறாகளான்னு பாத்துக் குடுங்க" என்று கத்தினாள். அவளைப் பெற்ற அத்தாவுக்கும் இப்படி ஆகுமாம். பின்சீட்டுக்குக் கை நீட்டினேன். எந்தக் கையால் பிடுங்கினேனோ அதே கையால் துளித்துளியாக ஊட்டினேன்.

செத்த நேரம் கழித்துக் கண்ணில் ஆள் வந்தார். "எங்கட்டி இருக்கோம்?"

"உசுரோட இருக்கோம்."

அப்புறம்தான் சொன்னார். பொங்கலுக்கு முன்னாலிருந்தே கை நடுங்கிக் கண் இருட்டுமாம். அப்போதெல்லாம் ஒரு வாய் பால்கோவா போட்டால் தெளியுமாம். அதுக்குத்தான் அந்தப் பொட்டலம்.

"எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ சாவியப் பிடுங்கிருவ."

நான் பிடுங்கியது சாவியை இல்லை. மருந்தை.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. அதில் என்னிடம் ஜாக்கெட் தைக்கிறவள் ஒருத்தி. ஃபரீதா வந்து எங்கள் வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு சேர்ப்பதற்கு முன்பே செய்தி சேர்ந்துவிட்டது: பொன்மணி வீட்டுக்காரர் குடித்துவிட்டு லாரியில் ஏற்றப்பார்த்தாராம். எத்தனை பேர் கதையை இப்படி வெட்டித் தைத்திருப்பேன். அளவு எனக்கும் சரியாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 25, செவ்வாய்

டாக்டரிடம் போனோம். பஸ்ஸில். சாப்பிடாமல் மாத்திரை போட்டதால் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கிறது. மாத்திரையைக் குறைத்தார், வேளைக்குச் சாப்பிடச் சொன்னார். கண் இருட்டினால் முதலில் குளுக்கோஸ் தண்ணீர். பால்கோவா உள்ளே போய் வேலை செய்ய நேரமாகுமாம். "நான் சொல்ற வரைக்கும் வண்டியத் தொடக் கூடாது."

இவர் வாதாடுவார் என்று பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் கடைக்குள் போய்ப் பட்டன் டப்பாவைத் திறந்து சாவியை உள்ளே போட்டார். அந்தக் கொக்கி பக்கத்தில் கிடந்தது. மூடியை அவரே இறுக்கி மூடினார்.

மார்ச் 17, திங்கள்

எல்.எல்.ஆர். வாங்கியாயிற்று. போட்டோவில் வண்டி மோதப்போகிற முகம். இன்று முதன்முதலாக வலது பக்கம் உட்கார்ந்தேன். ஓட்ட வரவில்லை, கிளட்சை விட்டதும் வண்டி விக்கி விக்கி நின்றது. ஃபரீதா மட்டும் பாராட்டினாள்: "நிப்பாட்டுறதுல ஒங்கள அடிச்சுக்க ஆளில்லக்கா."

மே 16, வெள்ளி

காதுகுத்து முடிந்தது. கூமாப்பட்டிக்கு நான்தான் ஓட்டினேன். லைசென்ஸ் கைக்கு வந்து மை காயவில்லை. பின்னால் செல்வியும் வினோத்தும், நடுவே பேத்தி, அவளுக்கென்று வாங்கிய சீட்டில், பெல்ட்டோடு. பக்கத்தில் இவர், மடியில் குளுக்கோஸ் பாக்கெட்டோடு.

இவர் வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லி ஒரு வாரமாகிறது. சாவி டப்பாவிலேயேதான் இருந்தது. "இன்னைக்கு நீயே ஓட்டு" என்றார் காலையில், வேட்டியைக் கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

வத்திராயிருப்பு தாண்டியதும் தொப்பு தொப்பென்று ஒரு சத்தம். டயர் போய்விட்டது என்று எனக்கு உயிரே போய்விட்டது. ஓரமாக நிறுத்தினேன், மெதுவாக. இறங்கி நாலு சக்கரத்தையும் குனிந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தன. மறுபடி கிளம்பினேன். எதிரே ஒரு டிராக்டர். தொப்பு.

கடைக்கண்ணால் பார்த்தேன். இடது பக்க மேட்டில் இவர் கால்.

"அங்க பிரேக் இல்லைங்க."

"தெரியும்ட்டி" என்றார், காலை எடுக்காமல். என் பழைய பள்ளத்தில் அவர் குதிகால் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.