பாறாங்கல் என்று எழுதியது நான்

மார்ச் 4, செவ்வாய்

இன்று மூன்று தலையணை, ஒரு மெத்தை, ஒரு குளியலறைக் கால்மிதி. வீட்டுச் சாமான் விற்கும் கம்பெனியில் வர்ணனை எழுதுவது என் பிழைப்பு. படத்தின் கீழே நாலு வரி வருமே, அந்த நாலு வரி நான்தான். மேலாளர் என் மேசைக்கே வந்துவிட்டார். "மூணு தலையணைக்கும் மேகம்னு போட்டிருக்கீங்க. மழை வந்துடப் போகுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அலுவலகத்தில் எனக்கு 'உவமை' என்று பெயர். பாராட்டா கேலியா என்று இதுவரை பிடிபடவில்லை.

எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. சாயங்காலம் என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கையில் என் சட்டை. கூப்பிட்டேன், உடனே திரும்பவில்லை. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லைங்க, ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்றாள்.

ஒரு மாதிரி என்றால்?

"ஒரு மாதிரின்னா ஒரு மாதிரிதான்." நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். போன மாதமும் வந்ததாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை?

மார்ச் 5, புதன்

இதய டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன், வெள்ளிக்கிழமைக்கு. அதுவரை வண்டிப் பக்கம் போகாதே என்றேன். "நான் எங்க ஓட்டுறேன்? ஓட்டுறது அவங்க. நான் பக்கத்துல சும்மா உட்கார்ந்திருக்கேன்" என்கிறாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பயிற்சி வண்டியில் அவள் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் இவள் மிதிக்க வேண்டும்.

இவளே தடுமாறினால்? 

மார்ச் 6, வியாழன்

"ஒரு மாதிரி" என்று போய்ச் சொன்னால் எந்த டாக்டர் காதில் போட்டுக்கொள்வார்? வெளியே கூட்டம் காத்துக்கொண்டிருக்கும். வாயுத் தொல்லை என்று மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார்கள். அதனால் மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்து எழுதினேன். முதலில் 'நெஞ்சில் அசௌகரியம்'. உப்புச் சப்பில்லை. அடித்துவிட்டு 'நெஞ்சில் ஒரு கனம்'. இதுவும் கண் முன்னால் வந்து நிற்கவில்லை. கடைசியில் பிடித்தேன்: 'நெஞ்சின் மேல் யாரோ பாறாங்கல்லைத் தூக்கி வைத்தது போல.'

படித்துப் பார்த்தேன். எனக்கே மூச்சு முட்டியது. இந்தக் கவலையிலும், சரியாக வந்துவிட்டதே என்று ஒரு சந்தோஷம். என்ன மனுஷன் நான்.

மார்ச் 7, வெள்ளி

டாக்டர் அம்மா நல்ல மாதிரி. அவசரப்படவில்லை. "என்ன பண்ணுதும்மா?" என்று அவளைப் பார்த்துத்தான் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். பாறாங்கல் என்றதும் டாக்டர் நிமிர்ந்தார். "அழுத்தமா?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். "அழுத்தம்தான் டாக்டர்" என்றேன்.

ஈசிஜி எடுத்தார்கள். சுத்தம், ஒரு குறையும் இல்லை. நல்ல செய்திதானே? பின் ஏன் டாக்டரின் முகம் தெளியவில்லை?

மார்ச் 11, செவ்வாய்

ஓடும் பட்டையில் நடக்கவைத்துப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டும் சரி. ஆனால் இவ்வளவு அழுத்தம் இருக்கும்போது சும்மா விட முடியாதாம். அடுத்த வாரம் ரத்தக் குழாய்க்குள் மெல்லிய குழாயை நுழைத்து, அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கப் போகிறார்கள். என்னென்ன ஆகலாம் என்று அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்கினார்கள். இரண்டாவது வரிக்கு மேல் நான் படிக்கவில்லை. அடைப்பு. அடைப்பு. தலைக்குள் இதே சொல்தான்.

மகள், எங்கள் வீட்டு வாயாடி, சாப்பாட்டு மேசையில் கேட்டாள்: "அப்பா, அம்மாவுக்கு என்ன?"

"ஒண்ணுமில்லம்மா."

"அப்புறம் ஏன் வீட்டுச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சிருக்கீங்க?"

மார்ச் 13, வியாழன்

புதிதாக வந்த மெத்தைக்கு இன்னும் எழுதவில்லை. 'உடலின் அழுத்தத்தை ஏற்கும்' என்று தொடங்கினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை.

மார்ச் 14, வெள்ளி

அலுவலகத்துக்கு போன் வந்தது. தெரியாத குரல். "நான் மேடம்கிட்ட ஓட்டக் கத்துக்கறவன், பல் டாக்டர்" என்றது. வண்டி நடைபாதையில் ஏறிவிட்டது. ஒரு குப்பைத் தொட்டி நசுங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "நான் தப்பா திருப்பிட்டேன் சார். மேடம் பிரேக் போடுவாங்கன்னு நெனச்சேன். போடல. திரும்பிப் பார்த்தா தலை தொங்கிப்போய் இருந்தது."

வயிற்றில் புளியைக் கரைத்தது என்று இந்த இடத்தில் எழுதுவார்கள். எனக்கு வயிற்றில் ஒன்றும் ஆகவில்லை. எந்த இடம் என்று கேட்காமலே போனை வைத்துவிட்டேன். திரும்ப அழைத்துக் கேட்டேன்.

நெற்றியில் ஒரு வீக்கம், அவ்வளவுதான். "அந்தப் பல் டாக்டர் வலிக்காமப் பிடுங்குவாராம். வண்டி திருப்பத்தான் வரலை" என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு வயதுக் குழந்தை ஒன்று அந்த நடைபாதையில் நின்றிருந்தால்? அவளுக்கே ஏதாவது— வேண்டாம். எழுத வேண்டாம்.

மார்ச் 15, சனி

இன்று தெரிந்தது. எழுதக் கை கூசுகிறது, ஆனால் எழுதாமல் இருக்க முடியாது.

காப்பி கொடுக்கும்போது கேட்டேன், "நேத்தும் அந்தப் பாறாங்கல்தானா?"

"எந்தப் பாறாங்கல்?"

"நெஞ்சு மேல."

"அது நீங்க சொன்னது" என்றாள். "எனக்குக் கனமே இல்லையே. அதுக்கு நேர் எதிர்."

உட்காரவைத்துக் கேட்டேன். கையை ஸ்டியரிங் பிடிப்பதுபோல வைத்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் வாயிலிருந்து வந்தபடியே இங்கே இருக்கட்டும்: "வண்டி நல்லா போயிட்டிருக்கு. திடீர்னு இன்ஜின் ஆஃப் ஆயிடுது. ஆனா வண்டி உடனே நிக்காதில்ல, கொஞ்ச தூரம் சத்தமில்லாம உருளும். அந்த மாதிரி நான் சும்மா உருண்டுட்டிருக்கேன். ஓரத்துலேருந்து இருட்டிட்டு வருது. அப்புறம் ஒரே ஒரு உதறல், இன்ஜின் திரும்பப் பிடிச்சுக்குது. அவ்வளவுதான்."

இதை ஏன் அன்னிக்கே சொல்லல? கத்தியேவிட்டேன்.

"நீங்க எங்க விட்டீங்க?" என்றாள். அவள் கத்தவில்லை. "நீங்க எழுதறவர். நீங்க சொன்னதும் டாக்டரும் தலையை ஆட்டினாங்க. சரி, இதுக்குப் பேர்தான் பாறாங்கல் போலிருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்."

பாறாங்கல்லைத் தூக்கி வைத்த 'யாரோ' நான்தான். என் மேகத்தை நம்பி யாராவது ஒரு தலையணை வாங்கினால் கழுத்து வலிக்கும், திருப்பி அனுப்புவார்கள். இதை எங்கே திருப்பி அனுப்புவது? ஒரு வாரமாக இல்லாத கல்லை எல்லோருமாகச் சேர்ந்து தேடிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அவள் சொல்லி முடித்ததும், 'ஓடும் குதிரை இடறி நின்றது போல' என்றால் இன்னும் எடுப்பாக இருக்குமே என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதே. என்னை என்ன செய்வது?

மார்ச் 17, திங்கள்

டாக்டர் அறைக்குள் நுழைவதற்கு முன் அவள் என் கையைப் பிடித்து, "நீங்க பேசக்கூடாது" என்றாள். பேசவில்லை. நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் இன்ஜின் ஆஃப் ஆவதைச் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "உருளுதுன்னு சொன்னீங்களே, எவ்வளவு நேரம்?"

கொஞ்சம் யோசித்தாள். "சிக்னல்ல மஞ்சள் விழுந்து சிவப்பாகுமே, அவ்வளவு நேரம்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைத் தூக்கினேன். "பாறாங்கல் என்னுது டாக்டர். அவளுடையது இல்ல." அவர் சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. "அழுத்தம்னு சொன்னா நாங்க அடைப்பைத்தான் சார் தேடுவோம்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

குழாய் விடுவது நிறுத்தம். இதயத் துடிப்பை இரவு பகலாகப் பதியும் சின்னப் பெட்டி ஒன்றை நெஞ்சில் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். வண்டியில் ஏறவே கூடாது, பக்கத்து சீட்டில்கூட.

மார்ச் 18, செவ்வாய்

"என்னையே பார்த்துட்டிருக்காதீங்க. அதுக்குத்தான் பெட்டி இருக்கு" என்கிறாள். அவள் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிறேன். துண்டு இருக்கா? வெந்நீர் போதுமா? பதில் வர ஒரு நொடி தாமதமானாலும் கை கதவைத் தட்டப் போகிறது.

மார்ச் 21, வெள்ளி

பெட்டி பதிந்ததை டாக்டர் தாளில் காட்டினார். மேடு பள்ளம், மேடு பள்ளம். அப்புறம் ஒரு நேர்கோடு. அப்புறம் மறுபடி மேடு பள்ளம். நேர்கோடு வந்த நேரம், அவள் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த நேரம்.

அதற்கு உவமை எதுவும் வரவில்லை. தேடவுமில்லை. நேர்கோடு.

நாளைக்கே பேஸ்மேக்கர் வைக்கிறார்கள்.

மார்ச் 22, சனி

உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். எழுத வரவில்லை.

அதே நாள், மாலை

முடிந்தது. கண் திறந்தாள். தண்ணீர் கேட்டாள். "சாப்பிட்டீங்களா?" என்று என்னைக் கேட்டாள். வராந்தாவுக்கு வந்து அழுதுவிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

புதுத் தலையணை வந்திருக்கிறது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, கிடங்கிலிருந்து அதை மேசைக்கு வரவழைத்துத் தலை வைத்துப் பார்த்தேன். சுற்றி இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். எழுதினேன்: 'தலை வைத்த இடத்தில், பாலில் நனைத்த ரொட்டி போல அமுங்கும்.'

"இதைப் போட்டா எவன் வாங்குவான்?" என்றார் மேலாளர்.

"அமுங்கற தலையணை பிடிச்சவங்க வாங்குவாங்க சார்."

போடவில்லை. அடித்துவிட்டு மேகம் என்று எழுதிக்கொண்டார்.

மே 4, ஞாயிறு

டாக்டர் அனுமதி கொடுத்துவிட்டார். நாளை அவள் வேலைக்குப் போகிறாள். முதல் ஆள் அந்தப் பல் டாக்டராம். வேறு யாரும் கிடைக்கவில்லையா?

சாப்பிடும்போது வாயாடி கேட்டாள், "அம்மா, உள்ள வெச்சிருக்காங்களே, அது என்னதான் பண்ணும்?" எனக்கு வாய் துறுதுறுத்தது. காவலாளி, விளக்கு, தாளம், இப்படி நாலைந்து வந்து வரிசையில் நின்றன. தண்ணீர் எடுத்துக் குடித்தேன்.

அவள் சொன்னாள்: "நான் வண்டியில என்ன பண்றேன்? அவங்கபாட்டுக்கு ஓட்டுவாங்க. நான் பக்கத்துல சும்மா உட்கார்ந்திருப்பேன், கால் மட்டும் கிளட்ச் மேல. வண்டி ஆஃப் ஆகப் போகுதுன்னா லேசா ஒரு மிதி. ஓட்டுறவங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. அந்த மாதிரி எனக்குப் பக்கத்துல இப்ப ஒரு ஆள் உட்கார்ந்திருக்கு. மத்தபடி ஓட்டுறது நான்தான்."

பிறகு என்னைப் பார்த்து, "எழுதிக்கிட்டீங்களா?" என்றாள்.

எழுதிக்கொண்டேன். ஒரு சொல்லைக்கூடத் தொடவில்லை.

இப்போது அடுத்த அறையில், நாளைக்குப் போடப்போகும் உடுப்பை மடித்துக்கொண்டிருக்கிறாள். எனக்குப் பயம் என்று சொல்வதா, சந்தோஷம் என்று சொல்வதா தெரியவில்லை. ஒரு மாதிரி இருக்கிறது.