படையலறையில் இருந்த பதினேழு பூச்சிகள்

என் மல்லி அக்காவுக்கு,

உன் பூச்சி முட்டைகள் பொரிந்துவிட்டன. இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் சொல்லக் கஷ்டமான விஷயம்.

நீ போன பிறகு, வெள்ளிமலையில் நர்ஸ் வேலைக்காக உனக்குக் கொடுத்திருந்த குடியிருப்பைக் காலி செய்யப் போனபோது, உன் மகள் நிலா வேறெதையும் கேட்கவில்லை. ஜன்னலில் இருந்த பிளாஸ்டிக் டப்பாவை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே ஒரு கொய்யாக் குச்சி. அதில் காய்ந்த நுரை போலக் கும்பிடுபூச்சியின் முட்டைக்கூடு. மலை இறங்கும்வரை பஸ்ஸில் அவள் வாயே திறக்கவில்லை. அவள் அப்பா லாரியோடு வாரக்கணக்கில் போய்விடுகிறார் என்பதால் அவள் இப்போது எங்களோடுதான் இருக்கிறாள்.

பூச்சி வளர்ப்பது பற்றி நீ எழுதிவைத்த நோட்டைப் பார்த்துத்தான் எல்லாம் செய்தேன். புதிதாக வளர்ப்பவர்கள் தோட்டத்துப் பெரிய பச்சைக் கும்பிடுபூச்சியைத்தான் எடுக்க வேண்டும், அது எதையும் தின்னும், வெயிலையும் தாங்கும் என்று எழுதியிருந்தாய். பூ மாதிரி இருப்பதையும் குச்சி மாதிரி ஒல்லியானதையும் அழகைப் பார்த்து எடுத்துவிடாதே, சின்னத் தப்புக்கே செத்துவிடும் என்றும் இருந்தது. நம் டப்பாவில் இருப்பது பச்சைதானா என்று கேட்டதற்கு நிலா தலையாட்டினாள். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

ஒரு காலையில் கூட்டிலிருந்து குஞ்சுகள் நூல் நூலாகத் தொங்கின. நூற்றுக்கு மேல் இருக்கும், ஒவ்வொன்றும் கொசு அளவு. கூடப் பிறந்தவற்றைப் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை, ஒரே டப்பாவில் விட்டுவைத்தேன். ஒன்றையொன்று தின்றுவிட்டன அக்கா. உடனே பிரிக்க வேண்டும் என்று உன் நோட்டின் அடுத்த பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது. நான் பக்கத்தைத் திருப்பினால்தானே!

மிஞ்சியவை பதினேழு. டீ கப்பில் ஒவ்வொன்றாக விட்டு, கொசுவலைத் துணி கட்டினோம். வாழைப்பழத் தோலை அழுகவிட்டுச் சின்ன ஈ பிடித்தோம். மூங்கில்துறைப்பட்டு ஆலையில் கரும்பு வண்டியோடு வரிசையில் நிற்கும்போதும் என் கையில் ஈ பிடிக்க ஒரு பாட்டில் இருக்கும். "இன்னா ஏழுமல, டிராக்டர் ஓட்றத வுட்டுட்டு ஈ ஓட்டிக்கினு இருக்கிற?" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நிலா பேச ஆரம்பித்திருந்தாள். "மாமா, தண்ணி கம்மியா தெளி. மூழ்கிடும்" என்று என்னை அதட்டினாள். அந்தச் சந்தோஷத்தில் நானும், "இனிமே ஒண்ணகூட சாவ வுடமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துத் தொலைத்தேன்.

நீ போன மூன்றாம் மாதம் உனக்குப் படையல் போட்டோம். கருவாட்டுக் குழம்பு, வடை, உனக்குப் பிடித்த கேழ்வரகு அடை. "அம்மா பாக்கட்டும்" என்று நிலா பதினேழு கப்பையும் உன் போட்டோவுக்குப் பக்கத்தில் அடுக்கினாள். "அண்ணி வர்ற நேரம், நல்லா பொகை போடுங்க" என்றாள் என் வீட்டுக்காரி வசந்தி. கை நிறைய அள்ளிச் சாம்பிராணி போட்டேன். வாசனை வெளியே போய்விடக் கூடாது என்று ஜன்னலையும் அடைத்தேன். நீ வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு மூவரும் வெளியே உட்கார்ந்திருந்தோம்.

அரை மணி கழித்து நான்தான் முதலில் உள்ளே போனேன். ஒவ்வொரு கப்பாகத் தூக்கிப் பார்த்தேன். எல்லாம் அடியில் விழுந்து கிடந்தன. இரண்டு மட்டும் காலை அசைத்தன. உனக்காகப் போட்ட புகையில், நீ விட்டுப்போனதை நானே கொன்றுவிட்டேன்.

வெளியே நிலா காக்கைக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். கப்புகளை மறைத்துவிட்டு, கரும்புக் கொல்லையில் விட்டுவிட்டேன் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அந்தப் பொய் வாயில் தயாராக வந்து நின்றது. அவளிடம் எனக்கு அது பழக்கம்தானே. ஆஸ்பத்திரியில் உன் கடைசி நாளன்று, "அம்மா தூங்குது, அடுத்த வாரம் வூட்டுக்கு வந்துடும்" என்று சொல்லி அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவன் நான்தான். சாயங்காலம் அவள் வந்தபோது நீ ஐஸ் பெட்டியில் இருந்தாய். அன்று நீ கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாயே, அவளைத்தான் தேடினாயா?

இந்த முறை முடியவில்லை. அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். "நெலா, நான் தப்பு பண்ணிட்டேன்மா. பொகையில எல்லாம் செத்துப்போச்சி. ரெண்டுதான் உயிரோட இருக்குது."

அவள் பதினைந்து கப்பையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவசரமே படவில்லை. பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மா சாவப்போவுதுன்னும் இப்பிடி சொல்லியிருக்கலாம் இல்ல மாமா? நான் ஸ்கூலுக்குப் போயிருக்கமாட்டன்."

அப்போதுதான் அக்கா, நீ போனதற்கு அவள் முதன்முதலாக அழுதாள். நானும் அழுதேன். உன் இலைக்கு முன்னால் சோறு ஆறிப்போகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

அந்த இரண்டில் ஒன்று போன வாரம் தோல் உரிக்கும்போது கால் சிக்கி இறந்தது. அவள் பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்தாள். சொன்னேன். பையை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தாள், முருங்கை மரத்தடியில் புதைத்தாள், அப்புறம்தான் போனாள். முதல் மணி தவறிவிட்டது. தவறட்டும்.

இருக்கிற ஒன்றும் நிலைக்குமா, தெரியாது. அதைக் காப்பாற்றுகிறேன் என்று உனக்குச் சத்தியம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. ஒன்று மட்டும் செய்கிறேன். அது போனாலும் சரி, நாளைக்கு எனக்கே ஏதாவது ஆனாலும் சரி, நிலாவுக்கு அது என் வாயால் முதலில் தெரியும். கடைசியாகப் பார்க்க வேண்டியவர்களை அவள் பார்ப்பாள்.

உன்னை அவள் பார்க்கவிடாமல் செய்த,
உன் தம்பி ஏழுமலை